சந்தேகம் சொல்லச் சொல்ல

மாவு மில்லுக்கு மேலே ஒரு மாடியறை இருந்தது. அதில் மாரிச்செல்வி என்கிற ஓவியக்காரியும், அவளுடைய பிரஷ்களும், பெயிண்ட் ட்யூப்களும், ஒரு கோடு போட்ட நோட்டும் சண்டை சச்சரவு இல்லாமல் குடியிருந்தார்கள். கீழே மில் ஓடும்போது தரை லேசாக அதிரும். ஜன்னல் கம்பியில் மாவு படியும். மற்றபடி குறை ஒன்றும் இல்லை. பிறகு அங்கே சந்தேகம் குடிவந்தது.

அது வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். மாரிச்செல்விக்குப் பிழைப்பு, இறந்துபோனவர்களின் முகத்தை வரைந்து கொடுப்பது. அந்தப் பக்கத்தில் ஒருவர் இறந்தால் காரியத்தன்று படத்திறப்பு வைப்பார்கள். படத்தைத் துணியால் மூடி, பந்தலில் நடுநாயகமாக வைத்து, சொந்தபந்தம் எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு ஒரு பெரிய மனிதர் துணியை விலக்குவார். அதற்குப் பிறகுதான் மாலை, அழுகை, சாப்பாடு எல்லாம். நல்ல போட்டோ இருக்கிற வீடுகள் ஸ்டூடியோவுக்குப் போய்விடும். இல்லாத வீடுகள் மாரிச்செல்வியைத் தேடி வரும். ரேஷன் கார்டில் தபால்தலை அளவுக்கு இருக்கிற முகம், கல்யாணக் கும்பலில் பின்வரிசையில் பாதி மறைந்த முகம், எதைக் கொடுத்தாலும் அவள் ஆளை வரவழைத்துவிடுவாள் என்று பெயர்.

போன வருடம் ஒரு வீட்டில் துணியை விலக்கியதும், முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் நிதானமாகக் கேட்டார்.

"இது யாரு?"

கேலியாகக் கேட்டிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். அவர் உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இறந்தவரின் மகள், "அப்பாதான் மாமா" என்றாள். ஆனால் அதைச் சொல்வதற்குமுன் அவளும் படத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். மாரிச்செல்வி சாப்பிடாமல் கிளம்பி வந்தாள். மாடிப்படிக்குக் கீழே அவள் செருப்பைக் கழற்றியபோது, கூடவே வந்த சந்தேகமும் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறியது.

சந்தேகத்துக்கு என்று சொந்தமாக ஒரு குரல் கிடையாது. அடுத்தவர் குரலை இரவல் வாங்கித்தான் பேசும். அந்தப் பெரியவரின் குரலில் "இது யாரு?" என்று கேட்கும். ஓவியக் கல்லூரியில் பாடம் எடுத்த சாரின் குரலில் "கை இருக்கு, கண்ணு இல்லம்மா உனக்கு" என்று சொல்லும். அம்மாவின் குரலில் பேசும்போது மட்டும் கொஞ்சம் பாசமாகவே பேசும்: "போதும் கண்ணு. வேற வேலை ஏதாச்சும் பாரு." மாரிச்செல்வி பதில் சொல்லமாட்டாள். பதில் சொல்ல நேரம் கொடுத்தால்தானே. ஒரு குரல் முடிவதற்குள் அடுத்த குரலை எடுத்துவிடும்.

இப்படி இருக்கும்போது சுடலைமணி என்கிற பையன், அப்படியொன்றும் சின்னப் பையன் இல்லை, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஒரு கவரோடு மாடி ஏறி வந்தான். அவனுடைய அக்கா இந்திராணியின் வீட்டுக்காரர் சங்கரபாண்டி இறந்துபோயிருந்தார். மினி பஸ் டிரைவர். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

"எக்கா, அத்தானுக்கு ஒரு படம் வேணும். காரியத்துக்கு வச்சுத் திறக்கணும்" என்று கவரைக் கொடுத்தான்.

உள்ளே லைசென்ஸ் போட்டோ, கல்யாண போட்டோ, ஏதோ சங்கக் கூட்டத்தில் எடுத்த போட்டோ. மூன்றிலும் மனிதர் வாயை இறுக்க மூடிக்கொண்டு, போட்டோ எடுக்கிறவனை முறைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிச்சு. அத்தான் சிரிச்ச மாதிரி இருக்கணுமாம்."

"ஒரு போட்டோலயும் சிரிக்கலையேண்ணே."

"அதான் உங்ககிட்ட வந்தோம். நீங்க அத்தான் வண்டியிலதான டெய்லி போவிய. பாத்திருப்பியள்லா."

பார்த்திருக்கிறாள்தான். ஆனால் அவன் போன பிறகு கண்ணை மூடி நினைத்துப் பார்த்தால், ஸ்டீரிங்கைப் பிடித்த கை வந்தது. காக்கிச் சட்டையின் முதுகு வந்தது. முகம் வரவேண்டிய இடத்தில் சந்தேகம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

அவள் ஆரம்பித்துவிட்டாள். சட்டை வந்தது. காலர் வந்தது, காதும் கழுத்தும்கூட நன்றாக வந்தன. முகத்துக்கு வந்து உதட்டை வரைந்ததும் சந்தேகம் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, பெரியவரின் குரலில் கேட்டது.

"இது யாரு?"

அவள் பட்டைப் பிரஷை எடுத்து, வெள்ளையைப் பிதுக்கி, முகத்தை மூடினாள். காய்ந்த பிறகு மறுபடியும் வரைந்தாள். மறுபடியும் அதே கேள்வி, மறுபடியும் வெள்ளை. நாள் போய்க்கொண்டிருந்தது. காலரும் கழுத்தும் அப்படியே இருக்க, நடுவில் முகம் மட்டும் வெளுத்துப்போய், மேலும் மேலும் தடித்துக்கொண்டு வந்தது. பார்க்கவே பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம் அவள் டீ வாங்கக் கீழே இறங்கியபோது சாமான்கள் பேசிக்கொண்டன.

"நான் கண்ணுக்கும் பல்லுக்கும் வெளிச்சம் வைக்க வந்தவ" என்றது வெள்ளை ட்யூப். அது வால்பக்கம் சுருட்டப்பட்டு, பாதி உயிராகக் கிடந்தது. "இப்ப பொணத்தை மூடுற வேலையாப் போச்சு."

"உனக்கு மூடுறதோட முடிஞ்சது. சுமக்கிறது யாரு?" என்றது கேன்வாஸ். "எனக்குள்ள எத்தனை சங்கரபாண்டி இருக்காருன்னு தெரியுமா? ஒருத்தர் மேல ஒருத்தர் படுத்துக் கிடக்காரு. வெயில் பட்டா உள்ள இருந்து மூச்சு விடுற மாதிரி இருக்கு."

"அந்தப் பேச்சு வேணாம்" என்றது மெல்லிய பிரஷ். இமை வரைகிற பிரஷ் அது. "அவ என்னைத் தொட்டாலே கை நடுங்குது. அந்த நடுக்கம் எனக்குள்ள இறங்குது."

"படம் முடியலைன்னா நம்மளை என்ன செய்வா?" என்றது வெள்ளை ட்யூப்.

"நேத்து ஒரு சாக்குப் பையை எடுத்து உதறிப் பாத்தா" என்றது துடைக்கிற துணி. "நம்ம எல்லாரையும் போட்டாலும் அதுல இடம் மிஞ்சும்."

ஸ்டூலில் இருந்த சந்தேகம் சிரித்தது.

"எதுக்குப் பயப்படுறீங்க? நான் அவ நல்லதுக்குத்தான் சொல்லுதேன். ஊர் முன்னால மறுபடி ஒருதரம் அவமானப்பட்டா தாங்குவாளா? இங்கயே நிறுத்திட்டா ஒரு கஷ்டமும் இல்ல. காப்பாத்துறவனைப் போய் இப்படிப் பாக்குறீங்களே."

அது சொன்ன விதத்தில் உண்மையான அக்கறை இருந்தது. சாமான்கள் இன்னும் பயந்தன.

மாரிச்செல்வி டீயோடு திரும்பி வந்தாள். குடிக்கவில்லை. இந்திராணிக்குப் போன் செய்து முடியாது என்று சொல்லிவிடலாம் என்று முடிவுசெய்திருந்தாள். ஆனால் எப்படிச் சொல்வது? வாய்க்கு வந்ததை உளறக் கூடாது என்று, எந்த நிறத்தோடு எந்த நிறத்தைக் கலந்தோம் என்று குறித்துவைக்கிற கோடு போட்ட நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் சொல்லவேண்டியதை எழுதிப் பார்த்தாள்.

'உடம்பு சரியில்லை.'

அந்த நோட்டு அதிகம் பேசாது. இதுவரை கலர் கணக்கை வாங்கி வைத்துக்கொண்டதோடு சரி. இப்போது அடுத்த கோட்டைக் காட்டி ஒரே ஒரு வார்த்தை கேட்டது.

"பிறகு?"

அவள் அதை அடித்துவிட்டு, 'வெளியூர் போகவேண்டியிருக்கிறது' என்று எழுதினாள். நோட்டு "பிறகு?" என்றது. அதையும் அடித்தாள். ஒரு பொய்யைப் பேசிவிட்டுப் போய்விடலாம். எழுதிவைத்துப் பார்த்தால் அது நம்மையே பார்க்கிறது. கடைசியில் ஒன்றும் எழுதாமலே போனைப் போட்டாள்.

மணி அடித்ததும் எடுத்துவிட்டார்கள். இவள் வாயைத் திறப்பதற்குமுன் இந்திராணி கேட்டாள்.

"வந்துட்டாவளா அவிய?"

வெளியே போன மனிதர் வீடு திரும்பிவிட்டாரா என்று கேட்பதுபோல அந்தம்மா கேட்டாள்.

"வந்துக்கிட்டு இருக்காங்கக்கா."

"சிரிக்காவளா?"

"சிரிப்பாங்கக்கா."

"சரி. நான் இங்கன ஆளுகளுக்குப் பதில் சொல்லிக்கிட்டு கெடக்கேன். நீங்க பதறாமச் செய்ங்க" என்று வைத்துவிட்டாள்.

மாரிச்செல்வி நோட்டைத் திரும்ப எடுத்தாள். கோணல்மாணலாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுவதுபோல எழுதினாள்: 'பயமா இருக்கு.'

"எதுக்கு?" என்றது நோட்டு.

'அவங்க பாத்துட்டு இது அவரில்லன்னு சொல்லிட்டா? அவர் ரெண்டாந்தரம் செத்த மாதிரி ஆயிரும். அது என்னாலதான் நடக்கும்.'

"பிறகு?"

அவள் எழுதிக்கொண்டே போனாள். ஸ்டூலில் இருந்த சந்தேகம் எழுந்து நின்றுவிட்டது. என்ன செய்கிறாள் என்று அதற்குப் புரியவில்லை. எழுதி முடித்ததும் மாரிச்செல்வி ஆறிப்போன டீயைக் குடித்தாள். அன்று முகத்தைத் தொடவில்லை, அழிக்கவும் இல்லை. வெள்ளை ட்யூப் நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கியது.

இங்கேயே கதை முடிந்திருக்கலாம். ஆனால் கலைஞர்கள் என்று ஒரு ஜாதி இருக்கிறதே, அவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எது கையில் கிடைத்தாலும் அதை அழகாக்கிவிடுவார்கள்.

மறுநாள் அவள் மைப் பேனா வாங்கி வந்தாள். நோட்டில் புதுப் பக்கம் ஒன்றின் ஓரத்தில் கொடி வரைந்தாள். நிறுத்தி நிதானமாக, அழகான எழுத்தில் எழுத ஆரம்பித்தாள்: 'வெறுமை என்பது ஒரு வெள்ளைப் பறவை.' எழுதிவிட்டு நோட்டைச் சற்றுத் தள்ளிவைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். நோட்டு வழக்கம்போல "பிறகு?" என்று கேட்டது. ஆனால் அவள் காதில் விழுந்தது வேறு குரல்.

"அபாரம்" என்றது சந்தேகம், கல்லூரி சாரின் குரலில். முதல்முறையாக அது அவளைப் பாராட்டியது. "படம்தான் உனக்கு வராது. எழுத்து வருது பாரு. இதையே புத்தகமாப் போட்டா நாலு பேர் படிப்பாங்க. அந்தக் கோணல் எழுத்துப் பக்கத்தை மட்டும் எடுத்துரு. யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

அவள் 'பயமா இருக்கு' என்று எழுதிய பக்கத்தைக் கிழித்துக் கசக்கிப் போட்டாள். நோட்டின் தையல் இளகியது.

"என்னையும் பிடிச்சுட்டான்" என்றது நோட்டு, பக்கத்தில் கிடந்த துணியிடம். "இனி அவளுக்கு ஒளிஞ்சுக்க இடமே இல்ல."

அடுத்த நாட்களில் பக்கம் பக்கமாக அழகான வாக்கியங்கள் நிறைந்தன. கேன்வாஸின் முகத்தில் வெள்ளை மட்டும் நிறைந்தது. ஒரு வாக்கியம் சரியாக வராவிட்டால் அந்தப் பக்கத்தையும் கிழித்தாள். ஆக, படத்தில் செய்ததையே நோட்டிலும் செய்தாள். சந்தேகத்துக்கு இரட்டைச் சாப்பாடு. அது கொழுத்து, அறையில் நடக்க இடமில்லாத அளவுக்கு ஆனது.

காரியத்துக்கு முந்தைய நாள் சுடலைமணி போனில் சொன்னான்: "எக்கா, மாலைக்குச் சொல்லியாச்சு. பந்தல் போட்டாச்சு. விடிஞ்சதும் படத்தை எடுக்க வாரேன்." அவள் சரி என்றாள். போனை வைத்துவிட்டுக் கேன்வாஸின் முன்னால் போய் நின்றாள். கீழே மில் நின்றது. அந்த அமைதியில், வெள்ளை முகத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"என் மூஞ்சியை இன்னும் எத்தனை தடவை தாயி அழிப்ப? செத்தவனைத் திரும்பத் திரும்பச் சாகடிக்கியே."

சங்கரபாண்டியின் குரல்.

மாரிச்செல்வி பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள். பிரஷ்கள் டப்பாவுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சந்தேகம் இதுவரை உயிரோடு இருப்பவர்களின் குரலைத்தான் வாங்கியிருந்தது. இறந்தவரின் குரலையும் வாங்கும் என்று அந்த அறையில் யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஓடியிருப்பாள். கதவுவரை போய்விட்டாள். ஆனால் அவள் வளர்ந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் கனவில் வந்தோ, யார் மேலாவது இறங்கியோ ஏதாவது சொன்னால், கேட்டவர் அதை ஒரு சொல் விடாமல் கொண்டுபோய் அந்த வீட்டாரிடம் சேர்த்துவிட வேண்டும். சேர்க்காவிட்டால் பாவம். அந்தப் பயத்திலும் அவளுக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. இதை இந்திராணியக்காவிடம் அப்படியே சொல்லவேண்டுமே. மறந்துவிடக் கூடாதே.

மைப் பேனாவைத் தேடினாள், அகப்படவில்லை. தரையில் கிடந்த துண்டுப் பென்சிலை எடுத்து, நோட்டை விரித்து உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னீங்க? 'எத்தனை தடவை'க்குப் பிறகு?" என்றாள். "எழுதிக்கிடுதேன். கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க."

சந்தேகம் திகைத்துவிட்டது. அதன் வாழ்நாளில் யாரும் அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னதில்லை. காதைப் பொத்துவார்கள், அழுவார்கள், அல்லது சொன்னதைச் செய்துவிடுவார்கள். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

"எத்தனை... தடவை... தாயி... அழிப்ப" என்று இழுத்துச் சொன்னது. மெதுவாகச் சொன்னபோது அதற்கே அது அவ்வளவு பயங்கரமாகப் படவில்லை.

மாரிச்செல்வி எழுதினாள். எழுத்து கோணியது, அவள் கவனிக்கவில்லை. எழுதியதை இந்திராணியிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். 'அக்கா, அண்ணாச்சி என்கிட்ட, தாயின்னு...' பென்சில் நின்றது.

அவர் எந்தக் காலத்தில் அவளைத் தாயி என்று கூப்பிட்டார்? இதைக் கொண்டுபோய்ச் சொன்னால் இந்திராணியே நம்பமாட்டாள். அவர் கூப்பிடுவது வேறு மாதிரி. அவள் சட்டமும் டப்பாவுமாக வண்டியில் ஏறினால்...

"பிறகு?" என்றது நோட்டு. மிகவும் மெதுவாகக் கேட்டது, எங்கே அவள் பயந்து நிறுத்திவிடுவாளோ என்று.

அவள் அந்த வரிக்கு எதிரே எழுதினாள்: 'இது அவர் இல்ல.' எழுதிவிட்டு நிமிர்ந்து சந்தேகத்தைப் பார்த்தாள். "அடுத்ததைச் சொல்லு" என்றாள். இப்போது மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது.

சந்தேகம் பதறிப்போய்ப் பெரியவரின் குரலை எடுத்தது. அவள் எழுதி, எதிரே 'இது அந்த மாமா' என்று குறித்தாள். கல்லூரி சாரின் குரலை எடுத்தது. 'இது சார்.' அம்மாவின் குரலை எடுத்தது. அதை எழுதும்போது மட்டும் அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் எழுதினாள். பேச்சுக்கு இருந்த வேகம் எழுத்துக்கு இல்லை. ஒவ்வொரு வரிக்கும் சந்தேகம் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. காத்துக்கிடக்கக் காத்துக்கிடக்க அது இளைத்தது. கடைசியில் அதற்கு வாங்க வேறு குரல் இல்லை.

"முடிஞ்சதா?" என்றாள்.

"ஒண்ணு இருக்கு" என்றது சந்தேகம். அந்தக் குரலைக் கேட்டு சாமான்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அது மாரிச்செல்வியின் குரல். "நீ எல்லாரையும் அழகாக்கிருத. அதான் ஆள் வரமாட்டேங்கு."

அவள் அதையும் எழுதினாள். எதிரே யார் பெயரையும் எழுத முடியவில்லை. போன வருடத்துப் படத்தில் அந்த மனிதருக்கு மூக்கு ஒரு பக்கம் வளைந்திருந்தது. செத்துப்போனவரை ஏன் கோணல் மூக்கோடு வைப்பது என்று நேராக்கியிருந்தாள். இரக்கத்தில்தான் செய்தாள். அந்தப் பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி. இத்தனை நாள் காதைப் பொத்திக்கொண்டிருந்ததில் நூறு பொய்யோடு சேர்ந்து இந்த ஒரு உண்மையும் வெளியே நின்றிருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியதுபோலவும் இருந்தது.

"பிறகு?" என்றது நோட்டு.

'சங்கரபாண்டி அண்ணாச்சிக்கும் நான் அழகான வாயாத்தான் வரைஞ்சேன். ஒவ்வொரு தடவையும். அவருக்கு அழகான வாய் கிடையாது. தெத்துப்பல். ஒரு பல்லு இன்னொண்ணு மேல ஏறியிருக்கும். அதனாலதான் போட்டோ எடுத்தா வாயை மூடிக்குவாரு.'

பென்சில் தானாக ஓடியது.

'ஒருநாள் காயாத படத்தோட வண்டியில ஏறினேன். பக்கத்துல நின்ன வேற ஒரு ஆளோட வெள்ளை வேட்டியில பச்சை பெயிண்ட் அப்பிட்டு. அவர் சண்டைக்கு வந்துட்டாரு. நான் அழுதுருவேன்போல ஆயிட்டு. அப்போ சங்கரபாண்டி அண்ணாச்சி, டிரைவர் சீட்டுக்கு மேல இருக்க கண்ணாடியில என்னைப் பாத்து, பெயிண்டரம்மா, அண்ணாச்சி வேட்டிக்கு ஓசியில பார்டர் போட்டுக் குடுத்துட்டியளேன்னாரு. வண்டியே சிரிச்சுது. அவரும் சிரிச்சாரு. கண்ணாடியில பல்லு தெரிஞ்சுது.'

மாரிச்செல்வி நோட்டை மூடிவிட்டு எழுந்தாள். கேன்வாஸை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டாள்.

வாயைத் திறந்து வரைந்தாள். பல்லின் மேல் பல்லை ஏற்றினாள். கண்களைப் பார்க்கிறவரை நோக்கித் திருப்பவில்லை. சற்று மேலே, ஓரமாக, வண்டிக்குள் இருக்கும் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி வைத்தாள். கன்னத்துச் சுருக்கத்தை மெல்லிய பிரஷ்தான் போட்டது. கை நடுங்கத்தான் செய்தது. நடுக்கத்தோடேயே போட்டது. கடைசியில் பல்லுக்கு வெளிச்சம் வைக்க வெள்ளை ட்யூபை அழுத்தினாள். அது மூச்சைப் பிடித்து, தன்னிடம் மிச்சம் இருந்ததை எல்லாம் கொடுத்தது.

சந்தேகம் போய்விடவில்லை. அப்படிப் போய்விடுகிற சாதி இல்லை அது. மூலையில் இருந்து முனகியது: "காரிய வீட்டுல பல்லைக் காட்டுற படமா? கண்ணு ஜனங்களைப் பாக்கவே இல்ல. சபையில மாட்டி வச்சா சிரிக்கப்போறாங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, நோட்டில் அதையும் எழுதி, எதிரே எழுதினாள்: 'இருக்கலாம்.'

பயம் அப்படியேதான் இருந்தது. காலையில் சுடலைமணி படத்தைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு இறங்கியபோது அவளுக்கு, வேண்டாம், கொண்டுவந்துவிடுங்கள் என்று கத்தத் தோன்றியது. கத்தாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு அவன் பின்னால் போனாள். சந்தேகமும் செருப்பைப் போட்டுக்கொண்டது.

பந்தலில் நல்ல கூட்டம். மினி பஸ் டிரைவர்கள் காக்கிச் சட்டையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சங்கத் தலைவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் துணியை விலக்கினார். விலக்கியவர் படத்தைப் பார்த்துவிட்டு, கையில் துணியோடு அப்படியே நின்றார்.

மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் ஒரு கிழவி, "என்னடி இது, பல்லுத் தெரியுது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள். அவள் உஸ் என்றாள். சந்தேகம் மாரிச்செல்வியின் தோளைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கேள்வியை முதலில் யார் கேட்கப்போகிறார்கள் என்று இரண்டு பேரும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பெண்கள் கூட்டத்திலிருந்து இந்திராணி எழுந்தாள். இத்தனை நாளில் அவள் யார் முன்னாலும் அழவில்லை என்று பேசிக்கொண்டார்கள். மெதுவாக நடந்துவந்து படத்துக்கு நேரே நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். அவர் பார்க்கிற பக்கமாகத் தலையைத் திருப்பி, மேலே, ஓரத்தில், அங்கே என்ன இருக்கிறது என்று அவளும் ஒருதரம் பார்த்தாள். பிறகு படத்திடம், அடுப்படியிலிருந்து பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னாள்.

"அங்கன என்ன இளிப்பு? ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."